முதல் துண்டில் இறக்கு

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் நாங்கள் வாடகைக்கு இருந்தது ஒட்டு வீடு. நடுவில் ஒரே சுவர், இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். குடிபோன புதிதில் அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருத்தி குப்பைத் தொட்டியை வாசலுக்கு இழுத்து வரும்போது என்னைப் பார்த்துச் சிரிப்பாள். நான் "வணக்கங்க" என்றால் வாயைத் திறப்பாள், ஒன்றும் வராது, தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள். இன்னொருத்தி செவ்வாய்க்கிழமை மட்டும் வந்து போகிறவள் போல. சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மூச்சு விடாமல் பேசுவாள். என்ன பாஷை என்று பிடிபடவில்லை, தொண்டையைக் காறுகிற சத்தம் அதிகம். நடுநடுவே விழுந்து விழுந்து சிரிப்பு. எனக்கு இன்சூரன்ஸ் கம்பெனி வேலை, பாதி நாள் வீட்டிலிருந்துதான், மேசையும் அந்தச் சுவரோடு ஒட்டித்தான் கிடந்தது. மீட்டிங்கில் மைக்கை அணைத்துவிட்டு அவள் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருப்பேன். இந்த வாயாடிக்கும் அந்த ஊமைக்கும் என்ன உறவு என்று யோசித்திருக்கிறேன். இருவரும் ஒருத்திதான் என்று தெரிந்துகொள்ள எனக்குச் சில மாதங்கள் ஆயின.

நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். யாழ்ப்பாணத்துக்காரர். கல்யாணமான கையோடு ஒல்லாந்துக்கு, அதாவது நெதர்லாந்துக்குப் போய், அங்கே பல வருஷம் வேலை பார்த்து, பிறகு கணவரோடும் மகளோடும் லண்டனுக்கு வந்தவர். அவருக்குத் திக்குவாய். சொல் நடுவில் தடுக்கி மறுபடி ஓடுகிற சின்னத் திக்கல் இல்லை. வாய் திறந்திருக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், கண் ஒரு பக்கம் போகும், சத்தம் மட்டும் வராது. பார்த்துக்கொண்டிருப்பவருக்கே மூச்சு முட்டும். அவர் என்னிடம் சொன்னதையெல்லாம் இங்கே தடங்கல் இல்லாமல்தான் எழுதப்போகிறேன். படிக்கிறவர்கள் ஒவ்வொரு வரிக்கும் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று தாங்களே கூட்டிக்கொள்ள வேண்டும்.

திக்குகிற ஒருவரைச் சுற்றி இருப்பவர்கள் கெட்டவர்களாக இருந்தால் ஒரு வழியில் நல்லது, முறைத்துவிட்டுப் போகலாம். அக்காவைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள். காய்கறிக் கடையில் அவர் "க" என்று தொடங்கினால் போதும், கடைக்காரர் கறிவேப்பிலைக் கட்டை எடுத்துப் பையில் போட்டுவிடுவார். அக்கா கேட்க வந்தது கத்தரிக்காயாக இருக்கும். ஆனால் அந்த மனிதர் முகத்தில் அவ்வளவு திருப்தி, உதவி செய்துவிட்ட திருப்தி. அக்கா தலையை ஆட்டி வாங்கிக்கொள்வார். அவர் வீட்டு ஃபிரிட்ஜ் முழுக்க மற்றவர்கள் ஊகித்த சாமான்கள். அதிகப்படி எல்லாம் வேலிக்கு மேலாக எங்கள் வீட்டுக்கு வரும். கறிவேப்பிலைத் துவையலுக்கு எங்களுக்குக் குறையே இருந்ததில்லை.

அவர் கணவர் பெட்ரோல் ஸ்டேஷன் மேனேஜர். வாட்டசாட்டமான, கலகலப்பான மனிதர், மனைவி மேல் உயிர். அவர் பேச்சில் பாதி ஒரே வாக்கியத்தில்தான் தொடங்கும்: "தங்கச்சி, அவ சொல்ல வாறது என்னெண்டால்..." அக்கா சொல்ல வந்தது பெரும்பாலும் அது இல்லை. ஆனாலும் அவர் சொல்லி முடித்ததும் அக்கா "ஓம்" என்பார். மறுத்து மறுபடி முதலிலிருந்து ஏறுவதைவிட அது லேசு. லண்டனுக்கு வந்த கதையும் அப்படித்தான். ஒல்லாந்தில் ஒருநாள் சாப்பிடும்போது அவர் கேட்டிருக்கிறார், அங்கே சொந்தக்காரர் இருக்கினம், கோயில் இருக்கு, பிள்ளை இங்கிலீஷில் படிக்கும், போவமா என்று. அக்கா பதில் சொல்லத் தொடங்கியிருக்கிறார். அதற்குள் அவர் போனில் தம்பியிடம் "இவளுக்கும் விருப்பம்தான்" என்றுவிட்டார்.

"நான் சொல்லி முடிக்கேக்கை நாங்கள் கப்பல்லை நிக்கிறம், பிள்ளை" என்று அக்கா என்னிடம் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது, யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் பஸ் ஏறிக் கோயிலுக்குப் போவார். அங்கே அவருக்கு வேறு ஒரு பெயர். தனக்கென்று எதுவும் கேட்காத மனுஷி என்பார்கள். அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது எல்லோரும் வீட்டில் உள்ளவர்கள் பெயரையும் நட்சத்திரத்தையும் நீளமாகச் சொல்ல, இவர் மட்டும் எப்போதும் சாமி பேருக்கு. திருவிழா என்றால் முதல் விளக்கேற்ற இவரைத்தான் கூப்பிடுவார்கள். உண்மை என்னவென்றால், முதன்முதலில் போனபோது "ஆரின்ரை பேருக்கு அம்மா, என்ன நட்சத்திரம்?" என்று ஐயர் கேட்க, இவர் வாயைத் திறந்துகொண்டு நின்றிருக்கிறார். பின்னால் வரிசை. பின்னால் நின்ற ஒரு நல்ல மனம், "சாமி பேருக்குச் செய்யுங்கோ ஐயா, அவ அதைத்தான் சொல்ல வாறா" என்று முடித்துவைத்துவிட்டது. அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது.

"சாமியின்ரை பேரிலை சாமிக்கே இவ்வளவு அர்ச்சனை. அவருக்கு அப்பிடி என்ன குறை, பிள்ளை?" என்று கேட்டார் ஒருநாள். தேவாரம் மட்டும் அவருக்குத் தங்கு தடையில்லாமல் வரும். பாட்டென்றால் வந்துவிடும். ஆனால் பாட்டாகப் பாடியா ஐயரிடம் நட்சத்திரம் சொல்வது?

செவ்வாய்க்கிழமைப் பேச்சு டச்சு மொழி என்று அவரே ஒருநாள் சமையலறையில் சொன்னார். எனக்குப் பொறுமை கிடையாது. யாராவது வாக்கியத்தைத் தொடங்கினால் முடித்துவைக்கும் வியாதி எனக்கும் உண்டு. அதனால் அவரிடம் போனால் பூண்டு உரிக்க வாங்கிக்கொள்வேன். கையில் வேலை இருந்தால் வாய் சும்மா இருக்கும்.

ஒல்லாந்தில் அவர் வேலை பார்த்தது கண்ணாடிக் கூரை போட்ட பெரிய தோட்டத்தில், குடைமிளகாயைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் இடத்தில். பெட்டிகள் பட்டையில் ஊர்ந்து வரும், முன்னால் நின்று கொஞ்சம் தாமதிக்கும், பிறகு நகரும். எதிர்ப் பக்கத்தில் ஒரு டச்சுக்காரி, இவரைவிடப் பத்து வயது கூட. அவள்தான் முதல் நாள் இவருக்குக் கையுறை கொடுத்தவள்.

"ஹன்ட்ஸ்கூன் எண்டு சொல்லித் தந்தவ. ஹன்ட் எண்டால் கை. ஸ்கூன் எண்டால் காலுக்குப் போடுற சப்பாத்து. கைக்குச் சப்பாத்து. அவையளின்ரை சொல் எல்லாம் அப்பிடித்தான், ரெண்டு மூண்டைப் பொருத்திப் பொருத்தி ரயில் மாதிரி வரும். எனக்குச் சின்னச் சொல்லே வராது. நான் அழுதிட்டன்."

அந்தப் பெண் அழவிடவில்லை. பெட்டி வந்து 'டக்' என்று நிற்கும்போது சொல்லின் முதல் துண்டு. பாரத்தை அதில் இறக்கு, மிச்சம் பெட்டியோடு தானாகப் போய்விடும், அதை நீ பார்க்காதே என்றாளாம். அக்கா மேசையில் இரண்டு விரலால் தட்டிக் காட்டினார். ஹன்ட் என்பதில் ஓங்கி ஒரு தட்டு. ஸ்கூன் என்பதில் தொட்டும் தொடாமலும். சொல் பிசிறில்லாமல் வந்தது. நான் பூண்டைக் கீழே வைத்துவிட்டேன்.

"உருளைக்கிழங்குக்கு ஆர்ட்அப்பெல். நான் ஆர், டப்பெல் எண்டு வெட்டினன், வாய்க்கு அதுதான் லேசு. அவ சிரிச்சா. ஆர்ட் எண்டால் மண், அப்பெல் எண்டால் அப்பிள். மண்ணும் அப்பிளும் பொருத்தின இடத்திலைதான் வெட்டவேணும். நாங்கள் நினைச்ச இடத்திலை வெட்டக்கூடாது."

"எல்லாச் சொல்லுக்கும் பாரம் முன்னாடிதானா அக்கா?"

"பெரும்பாலும் முன்னுக்குத்தான். ஆனா வீடு வந்தால் குழப்படி. ஹொய்ஸ் எண்டால் வீடு. ஆஸ்பத்திரிக்கு ஸீக்கன்ஹொய்ஸ், வருத்தக்காரரின்ரை வீடு. அது ஒழுங்கா முன்னுக்கு. நகர மண்டபத்துக்கு ஸ்டட்ஹொய்ஸ். அது மட்டும் பின்னுக்கு, வீட்டிலைதான் இறக்கவேணும். பாஸ்போட் எடுக்கப் போன நாள் நான் முன்னுக்கு இறக்கிப்போட்டன். அங்கை இருந்த பெடிச்சி நான் திருத்திச் சொல்லுமட்டும் பார்த்துக்கொண்டு இருந்தா. பிறகுதான் சிரிச்சா."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சொல்லி முடிக்கும்வரை ஒருத்தி காத்திருந்தாள் என்பதுதான் அவருக்குப் பெரிய விஷயம்.

நான் சும்மா இருப்பேனா? அப்படியானால் தமிழையும் தட்டித் தட்டிப் பேசிவிடலாமே என்றேன். அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"எங்கை இறக்கிறது? தமிழிலை எல்லாம் ஒரே உயரத்திலை நிக்குது, வேலிக்கு நட்ட கதியால் மாதிரி. எதைப் பிடிச்சு ஏறுறது?"

இருந்தாலும் முயன்று பார்த்தோம். மகள் பெயர் ஆரணி. ஆ-வில் ஓங்கித் தட்டுங்கள் என்றேன். தட்டினார். வாய் 'ஆ' என்று திறந்து அப்படியே நின்றது. விரல் மட்டும் மேசையில் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தது. நான்தான் போதும் என்று அவர் கையைப் பிடித்தேன்.

மகள் ஒல்லாந்தில் பிறந்து சிறு வயதில் இங்கே வந்தவள். வீட்டுக்குள் தமிழ்தான் பேச வேண்டும் என்று அப்பா சட்டம் போட்டிருந்தார், தமிழ் மறந்துவிடக்கூடாது என்ற நல்லெண்ணத்தில். வெளியில் இங்கிலீஷ். இரண்டுக்கும் நடுவில் டச்சு எங்கேயோ நழுவிவிட்டது. ஒன்று முதல் பத்து வரை எண்ணுவாள், உருளைக்கிழங்கு என்பாள், அவ்வளவுதான். அப்பாவைப் போலவே சுறுசுறுப்பு. அம்மா வாயைத் திறந்ததும் "ஓகே அம்மா, தெரியும் அம்மா" என்று தோளில் தட்டிவிட்டு ஓடுவாள். ஆக, அக்காவுக்கு முழு வாக்கியம் வருகிற மொழியில் இந்த உலகத்தில் எஞ்சியிருந்தது அந்தக் குடைமிளகாய்க்காரி ஒருத்திதான். வாரத்தில் ஒரு நாள், செவ்வாய்க்கிழமை, போனில்.

ஒரு கட்டத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பு குறைந்தது. அக்கா ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதுபோல் கேட்டது. பிறகு தட்டும் சத்தம். ஓங்கி ஒன்று, மெதுவாக இரண்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி ஓங்கி ஒன்று. போய்க் கேட்டபோது சொன்னார், அந்த டச்சுக்காரிக்குச் சொற்கள் மறந்துபோகின்றனவாம். கையுறைக்கு என்ன சொல் என்று தெரியவில்லையாம். இவர் போனை மேசையில் வைத்து, பக்கத்தில் தட்டித் தட்டி, அவளுக்கு அவளுடைய சொல்லை எடுத்துக் கொடுக்கிறார்.

கொஞ்ச நாளில் தட்டுவதும் நின்றது.

"அவவை வெர்ப்ளேக்ஹொய்ஸிலை விட்டிட்டினம்" என்றார் அக்கா. ஏலாதவர்களைப் பராமரிக்கும் வீடு. சொல்லிவிட்டு, எனக்குப் பாடம் மிச்சம் இருக்கிறது என்பதுபோல, மேசையில் மெதுவாகத் தட்டினார். "இதுக்குப் பாரம் நடுவிலை, பிள்ளை. ப்ளேக்கிலை."

நான் ஓடித் திரிந்தேன். எங்கள் கம்பெனியில் ஒரு டச்சுக்காரர் இருந்தார், சாதுவான மனிதர். வாரத்தில் அரை மணி நேரம் வீடியோவில் பேசுவீர்களா என்று கேட்டேன், சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். அக்கா நல்ல சேலை உடுத்தி, பொட்டு வைத்து, என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். இரண்டு வாக்கியம் கடகடவென்று போனது. அதற்குள் அந்த மனிதர் இவரை வெளிநாட்டுக்காரர் என்று கண்டுகொண்டு, சிரமப்படுத்த வேண்டாமே என்று இங்கிலீஷுக்கு மாறிவிட்டார். அவர்கள் வழக்கமாம் அது, மரியாதையாம். அக்கா மறுபடி டச்சில் சொன்னார். அவர் மறுபடி இங்கிலீஷில், இன்னும் நிதானமாக, இன்னும் அன்பாக. அக்கா இங்கிலீஷில் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பிறகு நடந்ததை எழுத எனக்கு மனமில்லை.

"நல்ல மனிசன். எனக்கு லேசாக்கிறார், பாவம்" என்றார், சேலை மடிப்பை நீவிக்கொண்டே.

அதே வருஷம் ஆரணிக்குக் கழுத்தில் ஒரு கட்டி. அவள் இப்போது நன்றாக இருக்கிறாள், குரலும் கணீரென்று இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது. அறுவைச் சிகிச்சையில் குரல் நரம்புக்கு ஒரு சிறிய ஆபத்து உண்டு, முன்கூட்டியே சொல்லிவிட வேண்டியது எங்கள் கடமை என்று டாக்டர் சொல்லியிருந்தார். மற்றவர்களுக்கு அது சிறிய ஆபத்து. பேச வராமல் வாழ்வது எப்படி என்று தெரிந்தவர் அந்த வீட்டில் ஒருத்தர்தான்.

அன்று காலை கணவர் மகளைக் காரில் ஏற்றினார். அக்கா பையோடு வாசலுக்கு வந்தார்.

"நீ ஏன் அங்கை வந்து கஷ்டப்படுறாய்? டொக்டர்மாரோடை நான் கதைக்கிறன். நீ கோயிலுக்குப் போ. தங்கச்சி, இவவோடை ஒருக்கா போறீங்களோ?"

அக்கா வாயைத் திறந்தார். கார் போய்விட்டது.

பஸ்ஸில் முழு வழியும் அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஆரணியின் பெயரில் அர்ச்சனை செய்யப்போகிறார் என்று எனக்கு விளங்கியது. நான் ஒத்திகையைக் கலைக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கோயிலில் கூட்டம் அதிகமில்லை. தட்டை நீட்டினார். ஐயர் அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "சாமி பேருக்குத்தானே அம்மா" என்று தட்டை வாங்கித் திரும்பிவிட்டார்.

அக்காவின் கை நீட்டியபடியே நின்றது. வாய் திறந்திருந்தது. கழுத்து நரம்பு எழும்பியது.

"ஆரணிங்க. ஆரணி பேருக்கு" என்றேன் நான், சத்தமாக.

ஐயர் திரும்பினார். "நட்சத்திரம்?"

எனக்குத் தெரியாது. அக்காவைப் பார்த்தேன். அவருக்குத் தெரியும். அது அவர் தொண்டைக்குள் இருந்தது. பூசை மணி அடிக்கத் தொடங்கியது, பின்னால் ஒரு குடும்பம் வந்து நின்றது. ஐயர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார், குறை சொல்ல முடியாது. பிறகு, "பரவாயில்லை அம்மா, சாமிக்குத் தெரியும்" என்று சொல்லி உள்ளே போனார். மந்திரத்தில் ஆரணியின் பெயர் வந்ததா, சாமியின் பெயர் வந்ததா என்று மணிச் சத்தத்தில் கேட்கவில்லை. வெளியே வந்து அக்கா செருப்பை மாட்டிக்கொண்டார். எனக்கு அழுகையாக வந்தது.

வீட்டுக்கு வந்து சமையலறையில் உட்கார்ந்தோம். போன் மேசை நடுவில் கிடந்தது, அடுப்பில் சோறு. பூண்டு எடுக்கலாம் என்று நான் எழுந்தேன்.

"இருங்கோ, பிள்ளை" என்றார். அதற்கே வெகு நேரம் ஆயிற்று. "உங்களுக்கு விளங்க வேண்டாம். கேட்டாப் போதும்."

மேசையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு டச்சில் பேச ஆரம்பித்தார்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இத்தனை நாள் கேட்ட குரல் இப்போது எனக்கு எதிரே இருந்தது. முதலில் விரல் தட்டியது, பிறகு அதுவும் தேவைப்படவில்லை. அவர் முகமே வேறாக இருந்தது, கண் நேராக என்னைப் பார்த்தது. நீளமான வாக்கியங்கள், நிறுத்தாமல், ஒன்றின்மேல் ஒன்றாக. ஸீக்கன்ஹொய்ஸ் வந்தது, பாரம் முன்னால். ஒரு முறை வெர்ப்ளேக்ஹொய்ஸ். பிறகு 'ஆரணி' என்றார், முதல் எழுத்தில் ஓங்கி இறக்கி, டச்சுக்காரப் பெண்ணின் பெயர் போல. மகளின் பெயரை அவர் வாயால் முழுதாக நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மறுபடி ஆரணி, மறுபடி ஆரணி. கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, பேச்சு நிற்கவில்லை.

சோறு கொதித்து மூடி ஆடியது. கடைசியில் ஒரு வாக்கியத்தைக் குரல் மேலே போக முடித்துவிட்டு நிறுத்தினார். கேள்வி என்று எந்த மொழிக்காரருக்கும் தெரியும். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்பதுபோல, இந்த ஊரில் அவருக்காக யாரும் காத்திருக்காத அளவுக்குக் காத்திருந்தார்.

எனக்குத் தாங்கவில்லை. "ஆமாக்கா" என்றேன்.

அவர் தலையை மெல்ல ஆட்டிவிட்டு, எழுந்து போய் அடுப்பை அணைத்தார். அடுத்த வருஷம் அவர்கள் வீட்டை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போனார்கள். அன்று எதற்கு ஆமா சொன்னேன் என்று எனக்கு இன்னும் தெரியாது.